விடியாத ஊரிலிருந்து உருகாத ஊருக்கு

நல்லரெத்தினம் அண்ணை இறந்தது ரொறன்ரோவுக்கு மேற்கே, பிறம்ரனில். நான் இருப்பது ஸ்காபரோவின் கிழக்கே, ரூஜில். நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம். ஆனால் அந்தச் செய்தி எனக்குப் பிறம்ரனிலிருந்து வரவில்லை. இந்த நாட்டின் வடக்கு நுனியில், கடலும் பனிமலையும் சூழ்ந்த கிறீஸ் ஃபியோர்ட் என்ற ஊரிலிருந்து வந்தது.

காலையில் வேலைக்குப் போவதற்காகக் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. லீயா. நான் அந்த ஊரின் சுகாதார நிலையத்தில் தாதியாக இருந்த காலத்தில் எனக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவள், அங்குள்ள பூர்வகுடியான இனுயிட் பெண். "ரெட்னம் போய்விட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வடக்கில் அவருக்கு அதுதான் பெயர். முழுப் பெயரும் அவர்களுடைய வாயில் நுழையவில்லை.

எப்படி நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. அண்ணை நித்திரையிலேயே போயிருக்கிறார். காலையில் கண்டது மருமகன் சுதன், அவருடைய சகோதரியின் மகன். என்னுடைய இலக்கம் அவரிடம் இல்லை. யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் மாமாவின் தொலைபேசியைத் திறந்து பார்த்திருக்கிறார். கடைசியாக எடுத்த அழைப்புகள் எல்லாம் மாமா முன்பு வடக்கே வேலை செய்த ரெசொலூட் என்ற ஊருக்கு. முதல் இலக்கத்துக்கு அடித்திருக்கிறார். அங்கே உள்ளூர் வானொலியில் அறிவித்திருக்கிறார்கள். அங்கிருந்து கடல் தாண்டிக் கிறீஸ் ஃபியோர்டுக்குப் போய், லீயாவின் வாயால் செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது. கையில் பனி சுரண்டும் தடியோடு நின்றேன். அயல் வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு போகும்போது கையசைத்தார். நானும் அசைத்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டது சுதன்தான். "மாமாவைப் பற்றி எங்களுக்கு ஒண்டும் தெரியாது அக்கா. அவர் அங்க என்ன செய்தார், ஆரோட இருந்தார் எண்டு நீங்கள்தான் எழுதவேணும்" என்றார். கழுவாஞ்சிக்குடியில் அவரோடு படித்தவர்களும், பிறம்ரன் பண்டகசாலைகளில் அவரோடு பெட்டி தூக்கியவர்களும் இதை வாசிப்பீர்கள். நீங்கள் அறிந்த நல்லரெத்தினம் ஒருநாள் திடீரென்று வடக்கே போய்விட்டார், ஒருத்தருக்கும் சொல்லவில்லை என்று சிலருக்குக் குறை இருப்பதும் தெரியும். அங்கே போனதன் பிறகு இருந்த மனிதரைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன்.

நான் வடக்கே போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கலியாணப் பேச்சு இரண்டாவது தடவையும் குழம்பிய பிறகு, யூனியன்வில்லில் தம்பி வீட்டுக்கு வருகிற சனமெல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பது போலிருந்தது. தெரிந்த முகமே இல்லாத ஓரிடம் வேண்டும் என்று நினைத்தேன். தாதிமார் இல்லாமல் அந்தரப்படுகிற ஊர்களின் பட்டியலில் ஆகக் கடைசியாக இருந்ததைத் தெரிந்தெடுத்தேன். அப்பா மட்டும், "அங்க சாப்பாடு கிடைக்குமே பிள்ளை?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

கிறீஸ் ஃபியோர்டுக்கு ஒரே வழிதான். முதலில் ரெசொலூட்டுக்குப் போகவேண்டும். அங்கிருந்து கிழமைக்கு இரண்டு தடவை ஒரு சிறு விமானம் போகும். சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குக் கட்டைகளும் பூட்டக்கூடிய, இரண்டு விசிறிகள் சுழலும் விமானம். நான் ரெசொலூட்டில் வந்து இறங்கிய அன்று அது போகவில்லை. மறுநாளும் போகவில்லை. விமான நிலையத்தின் ஒற்றை மண்டபத்தில், பெட்டியின் மேல் குந்திக்கொண்டு இருந்தேன். மாடிப் படியால் ஒரு பெரிய மேலங்கி இறங்கி வந்தது. என் முன்னால் நின்று தலைமூடியைப் பின்னால் தள்ளியது. உள்ளே நரைத்த மீசையோடு ஒரு கறுத்த முகம்.

"புள்ள, தமிழா?"

"ஓம்" என்றேன்.

"பயணிகள்ர லிஸ்ட்டில உங்கட பேரப் பாத்தன். இஞ்ச ஒருத்தருக்கும் அத வாசிக்கேலாமப் போயிற்று. யாழ்ப்பாணமா?"

"ஓம் அண்ணை. நீங்கள்?"

"மட்டக்களப்பு. கழுவாஞ்சிக்குடி. மறுகா கதைப்பம். சாப்பிட்டீங்களா?"

மறுகா என்றால் அவருடைய ஊரில் பிறகு என்று பொருள். அவருடைய வேலை அந்த மாடி அறையில். காற்று எந்தப் பக்கம், முகில் எவ்வளவு உயரம், கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்த்து, வருகிற விமானங்களுக்கு வானொலியில் சொல்வது. அன்று அவர் தந்தது சோறும் பருப்பும் நெத்தலிப் பொரியலும். அந்த இடத்தில் நெத்தலி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டே, "கிறீஸ் ஃபியோர்ட் இங்கையிருந்து எவ்வளவு தூரம் அண்ணை?" என்று கேட்டேன்.

"யாழ்ப்பாணத்தில இரிந்து கொழும்புக்குப் போற தூரம். நடுவில ஒரு தேத்தண்ணிக் கடை இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"காத்து இல்லாட்டி ஒண்டரை மணித்தியாலம்" என்றார். என்னுடைய முகம் தெளிந்ததைக் கண்டு சிரித்தார். "ஆனா இஞ்ச தூரம் எண்டுறது அதில்ல புள்ள. அடுத்த பிளேன் எப்ப எண்டுறதுதான் தூரம்."

நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

ரெசொலூட்டுக்கு இனுயிட் மொழியில் உள்ள பெயருக்கு விடியாத இடம் என்று பொருள். கிறீஸ் ஃபியோர்டின் பெயருக்கு ஒருநாளும் உருகாத இடம் என்று பொருள். "நான் விடியாத ஊரில, நீங்க உருகாத ஊரில. நல்ல ஆக்கள்தான் நாம ரெண்டு பேரும்" என்று அண்ணை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொன்னார். விமானம் போகிற நாட்களில் அது புறப்பட்டதும் எடுப்பார். "வெளிக்கிட்டுட்டு. உங்கட கறித்தூள் விமானியிட கால்மாட்டில வருது" என்பார். நான் போய் ஓடுபாதையின் ஓரத்தில் நிற்பேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தான மலை. நடுவில் சரளைக்கல் போட்ட ஒரு துண்டு நிலம். காற்று கொஞ்சம் மாறினாலும் அங்கே ஒன்றும் இறங்காது.

ஒக்ரோபர் முடிவில் ஒருநாள் எடுத்து, "இண்டைக்குக் கடைசிச் சூரியன் புள்ள. வெளிய போய் நில்லுங்க" என்றார். வேலையாய் இருக்கிறேன் என்றேன். "வேல நாளைக்கும் இரிக்கும். சூரியன் நாளைக்கு இல்ல" என்று வைத்துவிட்டார். போய் நின்றேன். மலை விளிம்பில் ஒரு கீற்று. அது மங்கிய பிறகு மூன்று மாதத்துக்கும் மேலாக ஒன்றும் இல்லை.

அந்த இருட்டைப் பற்றி ரொறன்ரோவில் யாருக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. பயமாக இருக்காது. அழுகையும் வராது. மத்தியானம் எது, பின்னேரம் எது என்று தெரியாமல், ஒரு தட்டைக் கழுவுவதற்கே மனம் வராமல் போகும். ஊர்ச் சனம் என்னோடு நல்ல மாதிரி. ஆனால் அவர்கள் தங்கள் வீடுகளுக்குள், தங்கள் மொழியில் இருந்தார்கள். நான் பிஸ்கட்டும் தேநீருமாகக் காலத்தைப் போக்கத் தொடங்கினேன். அண்ணை அதைக் குரலிலேயே பிடித்துவிட்டார்.

"இண்டைக்கு என்ன கறி?"

"ஒண்டும் இல்லை அண்ணை. பசிக்கேல்லை."

"சரி, போன ஸ்பீக்கரில போட்டு அடுப்புக்குப் பக்கத்தில வைங்க. நானும் வைக்கிறன். வெங்காயத்த வெட்டுங்க."

அதன் பிறகு கிழமையில் இரண்டு மூன்று நாள் அப்படித்தான். அவர் அங்கே சமைப்பார். நான் இங்கே சமைப்பேன். கதைப்பது குறைவு. அந்தப் பக்கம் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்கும். அவருக்கு என்னுடைய கரண்டிச் சத்தம் கேட்டிருக்கும். இடைக்கிடை, "கடுகு வெடிச்சிற்றா?" என்பார். "ஓம்" என்பேன். இருவருக்கும் நடுவில் இருட்டில் உறைந்து கிடக்கும் கடல். சாப்பிட்டு முடிந்ததும், "சரி புள்ள" என்று வைத்துவிடுவார். என் வாழ்க்கையில் நான் ஒருவரோடு சேர்ந்து அதிகம் சமைத்தது அந்தக் குளிர்காலத்தில்தான்.

அவரை ஒரு சாந்தமான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். பிடிவாதக்காரர். சீட்டில் கள்ள விளையாட்டு விளையாடுவார். பிடிபட்டால் கோபம் அவருக்குத்தான் வரும். ஏன் கலியாணம் கட்டவில்லை என்று ஒருமுறை கேட்டேன். இரண்டு கிழமை தொலைபேசி எடுக்கவில்லை. மூன்றாம் கிழமை எடுத்து, ஒன்றுமே நடக்காதது போல், "புளி இரிக்கா?" என்று கேட்டார்.

சூரியன் திரும்பி வந்து சில கிழமைகளில் அப்பா இறந்தார்.

சுகாதார நிலையத்தில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி எடுத்தான். காலையில் தம்பி வீட்டில் தேநீர் குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்த அப்பா எழும்பவில்லை. ஊசியைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நான் கதிரையில் இருந்தேன். மற்றத் தாதி விடுமுறையில் போயிருந்தாள். எனக்குப் பதிலாக வரவேண்டியவள் ரெசொலூட்டுக்கும் தெற்கே எங்கோ சிக்கியிருந்தாள். ஏனென்றால் அன்றுதான் புயல் தொடங்கியது. முன்வீடு தெரியவில்லை. சுவர்கள் நடுங்கின. ஒவ்வொரு காலையும் அண்ணை எடுப்பார். விமானிகளுக்குச் சொல்வதற்கு முதல் எனக்குச் சொல்வார்.

"இண்டைக்கு இல்ல புள்ள."

மறுநாளும், "இண்டைக்கும் இல்ல புள்ள."

நான் அவரோடு சண்டை பிடித்தேன். ஏதோ அவர்தான் காற்றைத் திறந்துவிட்டவர் போல, "நீங்கள் ஒருக்கா ஓம் எண்டு சொல்லுங்கோவன், அவங்கள் வருவாங்கள்" என்று கத்தினேன். "ஓம் எண்டு சொன்னா வருவாங்கதான். மறுகா அவங்கட வீட்டுக்கு ஆர் போன் எடுக்கிற?" என்றார்.

அப்பாவைத் தகனம் செய்கிற நாளும் வந்தது. கணினியில் பார்த்தேன். லீயா பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். தேவாரம் தொடங்கியது. பிறகு படம் நின்றுவிட்டது. தம்பியின் பாதி முகம், ஐயரின் கை, பூவின் ஒரு ஓரம். எவ்வளவு நேரம் காத்திருந்தும் அந்தப் படம் அசையவில்லை. வெளியே நோயாளிகள் இருந்தார்கள். எழும்பிப் போய் வேலையைப் பார்த்தேன்.

இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற எட்டாம் நாளுக்கு முதல்நாள் அண்ணை எடுத்தார்.

"அப்பாக்கு என்ன விருப்பம்?"

"என்ன அண்ணை?"

"சாப்பாட்டில. எட்டுப் படைக்கோணுமே. என்ன விரும்பிச் சாப்பிடுவார்?"

"சீலா மீன் குழம்பு. உழுத்தம் வடை" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் முதன்முதலாக அழுதேன்.

"இஞ்ச சீலா இல்ல. ஆற்று மீன் மாதிரி ஒண்டு இரிக்கு, சிவத்த சதை. அப்பா கோவிக்கமாட்டாரே? சரி. நாளைக்கு ஒரு வெளிச்சம் தெரியுது. நான் வாறன்."

"நீங்களோ? வேலை?"

"மற்றவன் பாப்பான். நான் வாறன்."

மறுநாள் வானம் ஓரளவு வெளித்தது. பிறகு மலையிலிருந்து முகில் இறங்கியது. நானும் லீயாவும் ஓடுபாதைக்குப் போனோம். விமானத்தின் சத்தம் கேட்டது. எங்கள் தலைக்கு நேர் மேலே, முகிலுக்குள். ஒரு சுற்றுச் சுற்றியது. சத்தம் பதிந்து கிட்ட வந்தது. இறங்கப்போகிறது என்று நினைத்தேன். மறுபடி எழும்பியது. இன்னொரு சுற்று. பிறகு சத்தம் மெல்ல மெல்ல மேற்கே போய் இல்லாமல் போனது. லீயா என் தோளில் கை வைத்து, "திரும்பிவிட்டது" என்றாள். அதற்குப் பிறகும் நான் நின்றேன். அந்த வெறுமையான சத்தமின்மையைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

பின்னேரம் ரெசொலூட்டிலிருந்து எடுத்தார். குரல் களைத்திருந்தது.

"கிறுகிற்றம் புள்ள."

திரும்புவதைக் கிறுகுவது என்பார்கள் மட்டக்களப்பில். அந்தச் சொல்லைக் கேட்டு எப்போதும் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை.

"உங்கட தலைக்கு மேலதான் நிண்டம். ஒருக்கா முகில் விலகி நாலு கூரை தெரிஞ்சது. விமானி பாவம், ரெண்டு தரம் இறங்கத் தெண்டிச்சவன்."

"எட்டு முடிஞ்சுது அண்ணை. விடுங்கோ."

"எட்டு எண்டா என்ன? பிளேன் வாற நாள்தான் எட்டு. வடைய நான் திரும்பப் பொரிக்கிறன்."

இன்னும் இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். விமானக் கதவு திறந்தது. முதலில் ஒரு குளிர்காப்புப் பெட்டி வெளியே வந்தது. அதற்குப் பின்னால் அவர். ஏணியிலிருந்து இறங்கும்போது கால் சறுக்கி, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்தார். பெட்டியை விடவில்லை. ஓடிப்போய்த் தூக்கினேன். "குழம்பு பறுவாயில்லையா எண்டு பாருங்க" என்றார் முதல் வார்த்தையாக.

என் வீட்டின் சாப்பாட்டு மேசையில் அப்பாவின் படத்தை வைத்தோம். வாழையிலை இல்லை, வெள்ளைத் தாள் விரித்தார். சோறு, மீன் குழம்பு, வடை, பருப்பு. திரும்பப் பொரித்தும் வடை கல்லைப் போல இருந்தது. லீயாவும் அவளுடைய தகப்பனும் வந்தார்கள். கிழவர் தன் பங்குக்குக் காய்ந்த மீன் கொண்டுவந்திருந்தார். எங்கே வைப்பது என்று கண்ணால் கேட்டார். அண்ணை தாளின் ஓரத்தை நகர்த்தி, அப்பாவின் படத்துக்குக் கிட்ட இடம் விட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேவாரம் பாடினார். ராகம் எல்லாம் பிழை. நடுவில் ஒரு வரி மறந்து, முன் வரியையே இன்னொரு தடவை பாடினார். அப்பா இருந்திருந்தால் திருத்தியிருப்பார். நாங்கள் நால்வரும் இருந்து சாப்பிட்டோம். நான் நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த விமானம் வரும்வரை அவருக்குப் போக வழியில்லை. அந்த நாட்களில் அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. எனக்கு ஆறுதலும் சொல்லவில்லை. படியில் பனி தள்ளினார். சோபாவில் குறட்டை விட்டு நித்திரை கொண்டார். லீயாவின் தகப்பனோடு சீட்டு விளையாடி, ஏமாற்றிப் பிடிபட்டார். நான் வேலை முடிந்து வரும்போது வீட்டில் விளக்கு எரிந்தது. அந்த ஊரில் நான் இருந்த காலம் முழுவதிலும், நான் போடாத விளக்கு எரிந்த வீட்டுக்குள் நுழைந்தது அந்தச் சில நாட்கள்தான்.

பதில் தாதி வந்த விமானத்தில் நாங்கள் இருவரும் புறப்பட்டோம். அந்த வழியில் நாங்கள் சேர்ந்து போனது அந்த ஒரு தடவைதான். காதைப் பிளக்கிற இரைச்சலில் ஒன்றும் கதைக்க முடியாது. கீழே வெள்ளைக் கடல், ஒரு கோடும் இல்லாமல். ஒன்றரை மணித்தியாலமும் கண்ணுக்கு எட்டியவரை ஒரு வீடு இல்லை, ஒரு புகை இல்லை. இந்த வெறுமையை இந்த மனிதர் மூன்று தடவை கடந்திருக்கிறார், இது நாலாவது, என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரெசொலூட்டில், தெற்கே போகும் விமானத்துக்காகக் காத்திருந்தபோது கேட்டேன். "ஏன் அண்ணை இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தனீங்கள்?"

அவர் கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்கட அம்மா செத்தது நான் பிறம்ரனில இரிக்கக்குள்ள. இரிக்கிறதுக்குப் பேப்பர் ஒண்டும் கிடைக்கல்ல. போகேலா. வேல நேரத்தில, தேத்தண்ணி இடைவேளைக்குள்ளதான் போன் வந்தது. மறுகா மணி அடிச்சிற்று. போய்ப் பெட்டி ஏத்தினன். என்னோட வேல செஞ்ச தமிழாக்கள் பத்துப் பேர் இரிந்தாங்க. எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் நல்லவங்க. ஒருத்தரும் அறைக்கு வரல்ல. அவங்களுக்கும் வேல, தூரம், குளிர். நான் குறை சொல்லல்ல புள்ள. ஆனா கதவு தட்டுற மாதிரி இரிந்து ரெண்டு மூணு தரம் எழும்பிப் போய்ப் பாத்தன்."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒருநாளும் கதைக்கவில்லை. இதை இந்த மலரில் எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். அந்தப் பத்துப் பேரில் யாராவது இதை வாசிக்கக்கூடும். உங்களை அவர் குறை சொல்லவில்லை. அதை அவர் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன்.

நான் இன்னும் ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்பினேன். அண்ணை திரும்புகிற எண்ணத்தில் இருக்கவில்லை. அவரைத் திருப்பியது சிறுநீரகம். கிழமைக்கு மூன்று தடவை இரத்தம் சுத்திகரிக்கவேண்டும். அதற்கு அங்கே வசதி இல்லை. பிறம்ரனில் மருமகன் வீட்டு நிலவறைக்கு வந்து சேர்ந்தார். மேலே சுதனும் மனைவியும் பிள்ளைகளும். நல்ல மனிதர்கள். வேலைக்கும் பள்ளிக்கும் ஓடி ஓடி வருகிறவர்கள். பிள்ளைகளுக்கு அவருடைய தமிழ் விளங்காது. அவருக்கு அவர்களுடைய ஆங்கிலம் வேகம். அறையின் சின்ன யன்னல் நிலமட்டத்தில் இருந்தது. அதனூடாக முற்றத்துப் பனியின் அடிப்பாகம் தெரியும்.

"அங்க தனிய இரிந்தன் புள்ள. இஞ்ச வந்துதான் தனிச்சுப் போனன்" என்றார் ஒருமுறை. இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

மாதம் ஒருமுறை, சில சமயம் இருமுறை போவேன். புறப்பட முதல் எடுத்தால், "எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்பார். "நெரிசல் இல்லாட்டி ஒரு மணித்தியாலம்" என்பேன். "நானும் காத்து இல்லாட்டி எண்டுதானே சொன்னனான்" என்று சிரிப்பார். நான் போகும்போதெல்லாம் தொலைபேசியில் ரெசொலூட்டோடு கதைத்துக்கொண்டிருப்பார். இனுயிட் மொழியில் அவருக்குத் தெரிந்தது கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரிப்பார். மேலே போய்த் தேநீர் வாங்கிவரும்போது சுதனின் மனைவி, "மாமா உங்களோடையும் அந்த ஆக்களோடையும்தான் அக்கா சிரிக்கிறவர்" என்று சொன்னார். அதில் ஒரு மனவருத்தம் இருந்தது.

இறுதிக் கிரியைக்கு வந்தவர்கள் குறைவு. அன்று பனி கொட்டியது, வேலை நாள் வேறு. வந்தவர்களில் சிலர் அவரை அறியாதவர்கள், சுதனுக்காக வந்தவர்கள். ஐயர் சொல்லச் சொல்ல சுதன் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். வாய்க்கரிசி போட்ட பிறகு, மாமாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த ஓர் அரிசியை விரலால் எடுத்துவிட்டார். அறியாத மாமனுக்கு அப்படிச் செய்த அந்தக் கையை அண்ணை கண்டிருக்க வேண்டும்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு மூன்று கிழமைக்கு முன். சிகிச்சை இல்லாத நாள். குளிர் கடுமை, ஆனால் நல்ல வெயில். "எங்கயாவது கொண்டு போங்க புள்ள, இந்தச் சுவரப் பாக்கேலா" என்றார். விமான நிலையம் அங்கிருந்து கிட்ட. வேலிக்கு வெளியே, விமானங்கள் தாழ வந்து இறங்குகிற தெருவோரத்தில் காரை நிறுத்தினேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. எங்களுக்கு மேலே பெரிய வயிறுகளைக் காட்டிக்கொண்டு போய் இறங்கின. அண்ணை ஒவ்வொன்றையும் தரை தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச ஒருத்தரும் ஓடி வரல்ல, என்ன?" என்றார் பிறகு.

எனக்கு விளங்கியது. வடக்கே விமானச் சத்தம் கேட்டால் ஊரில் பாதி ஓடுபாதைக்கு வந்துவிடும். பனிவண்டியிலும் நடந்தும் வருவார்கள். தங்களுக்கு ஒருத்தரும் வராதவர்களும் வந்து நிற்பார்கள். யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள்.

அண்ணை யன்னல் கண்ணாடியை இறக்கினார். குளிர் முகத்தில் அறைந்தது. ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையை வெளியே நீட்டி, இறங்கிக்கொண்டிருந்த விமானத்துக்கு ஆட்டினார். அது போனதும் அடுத்ததற்கும்.

"ஆருக்கு அண்ணை கை காட்டுறியள்?"

"ஆரெண்டு தெரியா. தூரத்தில இரிந்து ஒரு ஆள் வருது. ஒருத்தராவது நிண்டு பாக்கோணும்."

கண்ணாடியை ஏற்றும்படி நான் சொல்லவில்லை. அவருக்குக் கை நோகும்வரை அங்கேயே இருந்தோம்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு வேலையைத்தான். என் வீட்டுக்கு வருகிறவர்கள் அதிகம் இல்லை. ஆனால் யாராவது வருவதாகச் சொன்னால், மணி அடிக்கட்டும் என்று இப்போது நான் உள்ளே இருப்பதில்லை. போன சனிக்கிழமை தம்பி பிள்ளைகளோடு யூனியன்வில்லிலிருந்து வந்தான். "என்னக்கா, உந்தக் குளிருக்குள்ள வெளியில நிக்கிறாய்? உள்ளுக்கு இருந்திருக்கலாமே" என்றான், காரை விட்டு இறங்காமலே. பின் இருக்கையில் இருந்த பிள்ளைகள் இரண்டும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எனக்குக் கை காட்டின. கார் தெருமுனையில் தெரிந்த நேரத்திலிருந்து நானும் கை காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.